ரஸ்க் என்று எழுதக் கற்ற எட்டு ஞாயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராஃபிட்டி, அதாவது சுவரில் ஸ்ப்ரேயால் வரைகிற எழுத்து, கற்றுக்கொள்ள இந்த வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம், கொடுத்த காசு வீண் போகவில்லை. கேரக்டர், அதாவது எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கார்ட்டூன் உருவம், வரையத்தான் முக்கியமாக ஆசை என்றால் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பகுதி பலவீனமாக இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முழுதும் படியுங்கள், ஏனென்றால் நான் சேர்வதற்கு முன்னால் தமிழில் இதைப் பற்றி ஒரு வரி கூடக் கிடைக்காமல் அலைந்தேன்.

கிராஃபிட்டி எழுத்து வகுப்பு இது. தென்சென்னையில் ஒரு வீட்டு மொட்டை மாடி, எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை, ஆளுக்கு 6,000 ரூபாய். பேப்பர், பலகை அவர்களே தருகிறார்கள், மார்க்கரும் ஸ்ப்ரே கேனும் நம் செலவு. பெயரும் இடமும் போட வேண்டாம் என்று வகுப்பை நடத்துகிற மாஸ்டர் கேட்டுக்கொண்டார். ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை, ஏற்கெனவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். சென்னையில் சுவர் ஓவியம் வரைகிற யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள்.

என் அக்கா மகளுக்காகத்தான் போனேன். ஒன்பதாம் வகுப்பு. எல்லா நோட்டிலும் கடைசிப் பக்கம் முழுக்க உப்பின எழுத்துகளாக வரைந்து வைத்திருப்பாள், அக்கா அதைப் பார்த்துத் திட்டுவாள், நான் பார்த்து ரசிப்பேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் வீட்டிலிருந்து ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் நானும் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். எனக்கு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை, பதினோரு வருடமாக. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையில்தான் போகும். எழுத்து என்றால் எனக்கு ஃபான்ட்தான், இழுத்தால் நீளும், ஷேடோ வேண்டும் என்றால் ஒரு க்ளிக். அதனால் சுலபமாக வரும் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு முடியும்போது என் நம்பிக்கை போய், ஆர்வம் மட்டும் மிச்சம் இருந்தது.

முதல் நாள் மாஸ்டர் ஸ்ப்ரே கேனைக் கண்ணிலேயே காட்டவில்லை. பென்சில், ரப்பர், ஏ3 தாள், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு வார்த்தை தேர்ந்தெடுக்கச் சொன்னார். "நாலு எழுத்து போதும். சொந்தப் பேரு வேணாம். எட்டு வாரம் அதையேதான் எழுதப் போறீங்க, அதனால அலுக்காத வார்த்தையா எடுங்க." அக்கா மகள் கொஞ்சமும் யோசிக்காமல் ரஸ்க் என்றாள். டீயில் முக்கிச் சாப்பிடுகிற ரஸ்க்தான். இங்கிலீஷில் ஆர், யூ, எஸ், கே. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆரும் கேயும் காலை நீட்டி உதைக்கிற எழுத்துகள், எஸ் வளைந்து நடுவில் நிற்கும், யூ கிண்ணம் மாதிரி உட்காரும், நாலும் நாலு குணம், இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது என்றார்.

ஏன் சொந்தப் பெயர் கூடாது என்று அவள் கேட்டதற்குத்தான் கதை வந்தது. 1960-களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் கார்ன்பிரெட் என்று ஒரு பையன் ஊர் முழுக்க அந்தப் பட்டப்பெயரை எழுதியது, அப்புறம் நியூயார்க்கில் டாக்கி 183. கிரேக்கக் குடும்பத்துப் பையன், டாக்கி என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர், 183 அவன் குடியிருந்த தெருவின் எண். கடிதம், பொட்டலம் கொண்டு கொடுக்கிற வேலை என்பதால் நகரம் முழுக்கச் சுற்றுவான், போகிற இடமெல்லாம் மார்க்கரால் எழுதிவிட்டு வருவான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றிச் செய்தி போட்டது, அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மார்க்கரைக் கையில் எடுத்தார்கள். பெயரும் தெரு எண்ணும், இவ்வளவுதான் தொடக்கம். ஓவியமாக ஆனது பின்னால். ஒரே சுவரில், ஒரே ரயில் பெட்டியில் இருநூறு பெயர் இருக்கும்போது என் பெயர் தனியாகத் தெரிய வேண்டும் என்கிற போட்டியில்தான் எழுத்து பருத்தது, கலர் வந்தது, வெளிக்கோடு வந்தது, நிழல் வந்தது. இதை அவர் பாடமாக எடுக்கவில்லை, பென்சில் சீவிக்கொண்டே சொன்னார், ஆனால் இந்தக் காரணம் தெரிந்த பிறகு நான் கிராஃபிட்டியைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

அப்புறம் வேலை. எழுத்தை மரச்சட்டம் மாதிரி நினைக்கச் சொன்னார். ஒரே அகலமுள்ள சட்டங்களை வெட்டி அடுக்கினால் என்ன எழுத்து வருமோ அதுதான் முதல் எழுத்து. வளைவு கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆர் என்றால் ஒரு நெடுஞ்சட்டம், மேலே ஒரு பெட்டி, கீழே சாய்ந்த ஒரு கால். கேட்க எளிது. எஸ் எழுதும்போதுதான் தெரிந்தது. எஸ்ஸின் நடுப்பகுதி நம்மை அறியாமல் ஒல்லியாகிவிடும், மேல் வயிறு பெருத்து கீழ் வயிறு சிறுத்துவிடும், எழுத்து முன்னால் விழுகிற மாதிரி நிற்கும். அவர் சொன்ன வழி: மூன்று கிடைச்சட்டம் போடு, மேலும் கீழும் நடுவிலும். மேல் இரண்டை இடது பக்கம் ஒரு சின்னச் சட்டத்தால் சேர், கீழ் இரண்டை வலது பக்கம் சேர், அப்புறம் மூலையை மழுக்கு. கீழ்ப்பாதி ஒரு நூல் பெரிதாக இருக்கட்டும். இப்படிப் போட்டால் எஸ் நிற்கிறது. பதினோரு வருடமாகத் தினமும் எஸ்ஸைத் திரையில் பார்க்கிறேன், அதன் கீழ்ப்பாதி பெரிது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். மறுநாள் கடைக்குப் போய் ஃபான்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்து தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், முக்கால்வாசியில் அப்படியே இருந்தது.

இரண்டாவது, மூன்றாவது ஞாயிறு உப்பின எழுத்து. இணையத்தில் இதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, எல்லாம் வெளிக்கோட்டைக் காப்பியடிக்கச் சொல்லும். இங்கே அப்படி இல்லை. முதலில் எலும்பு, அதாவது ஒற்றைக் கோட்டில் எழுத்து. அதைச் சுற்றிப் பூரி உப்புகிற மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவு காற்று. மூலை எங்கேயும் இருக்கக் கூடாது. கனம் கீழே இறங்க வேண்டும், அடுத்த எழுத்து முந்தைய எழுத்தின் மேல் கொஞ்சம் சாய்ந்து உட்கார வேண்டும், மறைகிற கோட்டை அழித்துவிட வேண்டும். இந்தப் பாணியை 1972 வாக்கில் கொண்டுவந்தவர் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த ஃபேஸ் 2 என்கிற எழுத்தர் (கிராஃபிட்டி எழுதுகிறவரை இப்படித்தான் சொல்வார்கள்), 2019 டிசம்பரில் காலமானார். அவருடைய உப்பின எழுத்துகளின் படத்தை மாஸ்டர் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார். மேலே டிரேசிங் தாள் போட்டு எலும்பை மட்டும் தேடி எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் உள்ளே மிகச் சாதாரணமான, யாரும் படிக்கக் கூடிய எழுத்து. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எவ்வளவு உப்பினாலும் உள்ளே எலும்பு நேராக இருந்தால்தான் எழுத்து நிற்கும் என்று அவர் வாரா வாரம் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான்காவது ஞாயிறு முப்பரிமாணம். வாணிஷிங் பாயிண்ட் (கோடுகள் தூரத்தில் போய்ச் சேர்கிற புள்ளி) எல்லாம் பின்னால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, எல்லா மூலையிலிருந்தும் ஒரே திசையில் ஒரே நீளத்துக்குக் கோடு இழுத்து, அந்தக் கோடுகளின் முனைகளை இணைக்கச் சொன்னார். தவறு எங்கே நடக்கும் என்றால் ஓட்டையில். ஆர் எழுத்தின் வயிற்றில் ஓட்டை இருக்கிறதே, அதற்குள்ளேயும் கனம் தெரிய வேண்டும், எல்லோரும் அதை மறந்துவிடுவோம். வகுப்பில் ஆறு பேரில் ஐந்து பேர் மறந்தோம். மறக்காத ஒருத்தி எங்கள் வீட்டுப் பெண். சிலேட்டு மாதிரி தாளைத் தூக்கிக் காட்டி "மாமா, உங்களோடது ஓட்டை அடைச்சிருக்கு" என்றாள். அப்புறம் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தாளின் மூலையில் ஒரு சூரியனைப் போட்டுவிட்டுத்தான் ஹைலைட் வைக்க வேண்டும். சின்ன விஷயம்தான். அந்தச் சூரியனைப் போடாதவர்களின் எழுத்தில் வெளிச்சம் நாலு திசையிலிருந்தும் வந்தது.

அம்பு, பின்னல், ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற வைல்ட்ஸ்டைல் இதெல்லாம் எட்டு வாரத்தில் வராது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இது எனக்குப் பிடித்தது. கூட இருந்த ஒரு கல்லூரிப் பையனுக்குப் பிடிக்கவில்லை, அதைக் கற்கத்தான் வந்தேன் என்று வருத்தப்பட்டான். நீங்களும் அதற்காகத்தான் போகிறீர்கள் என்றால் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது ஞாயிறுதான் இந்த வகுப்பின் உச்சம், அந்த ஒரு நாளுக்கே 6,000 ரூபாய் தரலாம். அன்றைக்கு ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டியவர், நாற்பது வருடம் கட்சிச் சுவர், சினிமா சுவர், லாரிக்குப் பின்னால், கடை போர்டு எல்லாம் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்து, இப்போது கோயில் திருவிழாவுக்கும் கட்சி ஆட்கள் கூப்பிட்டால் மட்டும்தான் எழுதுகிறாராம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே கேட்டார், சொன்னேன். "அதுவும் எழுத்துதானே தம்பி" என்று தோளில் தட்டிவிட்டு டப்பாவைத் திறந்தார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். கைப்பிடிச் சுவரில் இரண்டு ஆணி. நூலை நீலப் பொடியில் புரட்டி, இழுத்துக் கட்டி, நடுவில் விரலால் சுண்டினார். டப் என்று சத்தம், சுவரில் மயிரிழை மாதிரி நேர்க்கோடு. கீழே ஒன்று, இரண்டு சாண் உயரத்தில் மேலே ஒன்று. பென்சில் கிடையாது, ஸ்கேல் கிடையாது. தட்டைப் பிரஷ்ஷை முக்கி, டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, "மழை" என்று எழுதினார். ழகரத்துக்கு முன்னால் வருகிற சங்கிலிக் கொம்பை முதலில் போடவில்லை. ம எழுதினார், இடம் விட்டு ழ எழுதினார், அதற்குப் பிறகு நடுவில் விட்ட இடத்தில் கொம்பைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ழகரத்தின் கீழ்ச் சுழி கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கியதோ, அதே அளவு மகரத்தின் வலது தோள் ஒரு பக்கம் விரிந்திருந்தது. ஏன் ஐயா என்று கேட்டேன். "கறுப்பைப் பாக்காத. நடுவுல வெள்ளை எவ்ளோ நிக்குதுன்னு பாரு. வெள்ளை சமமா இருந்தா எழுத்து தானா நிக்கும்." மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் நான்கு வாரமாக ஓட்டை, இடைவெளி என்று சொல்லிக்கொண்டிருந்ததும் இதுவும் ஒன்றுதான். நியூயார்க் ரயிலில் எழுதியவனும் நம் ஊர்ச் சுவரில் எழுதியவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மாஸ்டர் எல்லோரையும் தமிழில் எழுதச் சொன்னார். இங்கேதான் ரஸ்க் நல்ல சோதனை வைத்தது. இங்கிலீஷ் பெரிய எழுத்து எல்லாம் ஒரே உயரம், சட்டம் அடுக்குகிற கணக்கு அங்கே செல்லும். நம் எழுத்து அப்படி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் எழுதி வளர்ந்த எழுத்து, சுழியும் வளைவும்தான் அதற்கு உயிர். கி, கீ-யில் வருகிற மாதிரி மேலே விலங்கு ஏறும், கீழே சுழி இறங்கும், முன்னால் கொம்பு வரும், பின்னால் கால் வரும். ரஸ்க் என்று எழுதினால் ஸ், க் இரண்டுக்கும் தலையில் புள்ளி. உப்பின எழுத்தில் புள்ளியை எங்கே வைப்பது? சின்னதாக வைத்தால் தூசு விழுந்த மாதிரி இருக்கிறது, பெரிதாக வைத்தால் இரண்டு பலூன் தனியாகப் பறக்கிறது. அவள் முதல் தடவை இரண்டு புள்ளியையும் எழுத்துக்கு மேலே அந்தரத்தில் வைத்தாள், எழுத்து பிரிந்து போச்சு. இரண்டாவது தடவை ஸகரத்தின் புள்ளியை எழுத்தின் தோளில் பாதி மூழ்கிய மாதிரி அழுத்தி உட்கார வைத்தாள், ககரத்தின் புள்ளியை வெளிக்கோட்டோடு ஒட்டி ஒரு துளி சொட்டுகிற மாதிரி சாய்த்தாள். பெரியவர் குனிந்து பார்த்து, "பாப்பா, இது படிக்க வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அன்றைக்கு முழுக்க வேறு எதுவும் தேவைப்படவில்லை.

ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் அந்தக் கீழ்ச் சாய்கோடு மட்டும்தான், உப்ப வைத்தால் அது காணாமல் போய்விடும், அதனால் அதை மட்டும் வேண்டுமென்றே நீட்டி அம்பு மாதிரி முடிக்க வேண்டும். ககரத்தின் குறுக்குக்கோடு இடது பக்கம் சுழித்து வருகிறதே, அதன் ஓட்டையை அடைக்காமல் காப்பாற்ற வேண்டும். இந்த மாதிரி விஷயம் எந்த ஆங்கில வீடியோவிலும் கிடைக்காது, அந்தக் காலைப் பொழுதில் நோட்டில் பதினேழு பக்கம் எழுதினேன். என் ஒரே குறை, தமிழுக்கு ஒரு நாள்தான் கொடுத்தார்கள் என்பது. மூன்று நாள் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

சரி, கேரக்டர். ஆறாவது ஞாயிறு. எழுத்துப் பகுதியில் இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அதே இடத்தில் இது இப்படி நடந்ததுதான் எனக்கு வருத்தம். வந்ததும் ஆளுக்கு நாலு ஜெராக்ஸ் தாள். தொப்பி போட்ட பையன், பெரிய ஷூ, கையில் கேன். வேறு யாரோ வரைந்தது. பார்த்து அப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டு உதவியாளரிடம் விட்டுவிட்டு மாஸ்டர் ஒரு சுவர் வேலை விஷயமாகக் கிளம்பிவிட்டார். ஒருவர் பாணியை இன்னொருவர் அப்படியே எடுப்பது இந்த உலகத்திலேயே பெரிய குற்றம், அதற்கு ‘கடிக்கிறது’ என்று பெயர் என்று அவரேதான் முதல் வாரம் சொன்னார். பழகுவதற்குக் காப்பியடிப்பதில் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் பழகுகிறோம், ஆனால் எழுத்துக்கு எலும்பைத் தேடச் சொன்ன மாதிரி கேரக்டருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அந்த வாரம் நானாகத் தேடிப் படித்தேன். நியூயார்க் ரயில்களில் எழுதிய காலத்தில் எழுத்துக்குப் பக்கத்தில் நின்ற கேரக்டர்களில் நிறைய வான் போடே என்கிற காமிக்ஸ் ஓவியருடைய கைவண்ணத்திலிருந்து வந்தவை. அவர் 1975-ல் இறந்துவிட்டார், ஆனால் கண்ணையே மூடிவிடுகிற பெரிய தொப்பி போட்ட அவருடைய மந்திரவாதி அதற்குப் பிறகும் ரயில் ரயிலாக ஓடிக்கொண்டிருந்தான். டோண்டி மாதிரியான பெரிய எழுத்தர்களே அவரை எடுத்தாண்டிருக்கிறார்கள். ஏன் அவர் கேரக்டர்கள் எழுத்தோடு ஒட்டின என்று உற்றுப் பார்த்தால் காரணம் தெரிகிறது. அவையும் உப்பின வடிவங்கள்தான், தடித்த வெளிக்கோடு, உள்ளே கோடு குறைவு, தூரத்திலிருந்து பார்த்தால் நிழலுருவமே யாரென்று சொல்லிவிடும். எழுத்துக்கு என்ன விதியோ அதே விதி. ஒரு கோட்டில் உடம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று போடு, அதன் மேல் அவரைக்கொட்டை மாதிரி உடம்பை வை, கையையும் காலையும் வேண்டுமென்றே பெரிதாக்கு, வெளிக்கோட்டை உள்கோட்டைவிட இரண்டு மடங்கு தடிமனாக்கு. இவ்வளவையும் அரை மணி நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

அக்கா மகள் ஜெராக்ஸைத் தொடவில்லை. ஒரு ரஸ்க் துண்டுக்குக் கையும் காலும் வைத்து, ஒரு மூலை டீயில் ஊறிக் கறுத்து வளைந்திருக்கிற மாதிரி போட்டாள். அந்த ஊறின மூலைதான் அதன் தலைமுடி. கண் பாதி மூடியிருந்தது. ஓரத்தில் இருக்கிற ரவை ரவையான துகளைக் கூட மறக்கவில்லை. உதவியாளர் வந்து, ஜெராக்ஸில் இருப்பதைப் போட்டால்தான் திருத்த முடியும் என்றார். பாவம், அவரும் சின்னப் பையன்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் பதினாலு வயசுப் பிள்ளை முகம் வாடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரம் மாஸ்டரிடம் தாளைக் காட்டி நேராகச் சொன்னேன். வாங்கிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், "இது என் தப்புதான் சார், இதையே பலகையில போடட்டும்" என்றார். அடுத்த பேட்ச்சில் இந்தப் பகுதியை மாற்றுவதாகவும் சொன்னார். மாற்றினாரா என்று சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு ஞாயிறு ஸ்ப்ரே. சுவரில் இல்லை, வெள்ளை எமல்ஷன் அடித்த நாலுக்கு மூன்று அடி பிளைவுட்டில். சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் எந்தச் சுவரிலும் கை வைக்கக் கூடாது என்பதில் இங்கே ரொம்பக் கண்டிப்பு. தமிழ்நாட்டில் பொது இடத்தை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கிற சட்டம் 1959-லிருந்தே இருக்கிறது, அதைச் சொல்லித்தான் கேனையே கையில் கொடுத்தார். பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோருக்கு இது நிம்மதியான விஷயம்.

மாஸ்க் விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். துணி மாஸ்க், மருத்துவ மாஸ்க் எதுவும் ஸ்ப்ரேயின் ஆவியைத் தடுக்காது, தூசியைத்தான் தடுக்கும். உள்ளே கரி வைத்த கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும், பெயிண்டர் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிறது. மாடி திறந்தவெளி என்பதால் பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். வகுப்பில் இரண்டே இரண்டு மாஸ்க் வைத்திருந்தார்கள், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் கட்டணத்துக்கு ஆளுக்கு ஒன்று தர வேண்டும், இல்லையென்றால் நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று முன்கூட்டியாவது சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொல்லவில்லை.

கேன் பற்றி. பக்கத்து ஹார்டுவேர் கடையில் வண்டிக்கு அடிக்கிற மலிவான கேன் வாங்கிப் போனோம். அதன் மூக்கு கழலாது, வேறு கேப், அதாவது மாற்று மூக்கு, பொருந்தாது, அழுத்தம் அதிகம், ஒரு கோடு இழுப்பதற்குள் பெயிண்ட் வழிந்து தாடி முளைத்துவிட்டது. மாஸ்டர் தன்னிடமிருந்த ஒரு மொண்டானா 94 கொடுத்தார், ஸ்பெயின் நாட்டு கேன், 400 மில்லி, அழுத்தம் குறைவு. அதே கை, அதே பலகை, கோடு அடங்கி வந்தது. விலை அதிகம்தான், நம் ஊர் கேன் வாங்குகிற காசுக்கு இது பாதி கூட வராது. அதனால் என் யோசனை, நிரப்புவதற்கு மலிவு கேன் அல்லது எமல்ஷனும் பிரஷ்ஷும், வெளிக்கோட்டுக்கு மட்டும் ஒரே ஒரு நல்ல கேன், ஒல்லிக் கேப் போட்டு. கேனை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்க வேண்டும், முடித்ததும் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வருகிறவரை அழுத்தி மூக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொன்று, நம் வெயில். கேனில் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று போட்டிருக்கும். மாடித் தரையில் ஒன்பது மணி வெயிலில் உருட்டி வைத்தால் தொட முடியாத அளவு சுடுகிறது. தண்ணீர் டேங்க் நிழலில் நிறுத்தி வைத்தோம்.

கோடு இழுக்கும்போது மணிக்கட்டை ஆட்டினால் கோடு நடுங்குகிறது. தோளிலிருந்து இழுக்க வேண்டும், முட்டியை மடக்கி உடம்பே கூடப் போக வேண்டும். பலகைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் பஞ்சு மாதிரி பரவும், நாலு விரல்கடைக்கு நெருங்கினால் கூர்மையாக வரும், நெருங்கினால் வேகமாகவும் போக வேண்டும், தயங்கினால் வழியும். இதைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம், கையில் வர ஒரு மாதமாவது ஆகும்.

வீட்டில் பழக ஸ்ப்ரே தேவையே இல்லை. தடித்த தாளில் ஒரு நோட்டு, எழுத்தர்கள் பிளாக்புக் என்று சொல்வது, அப்புறம் போஸ்கா மார்க்கர். தண்ணீர் கலந்த பெயிண்ட் என்பதால் மணம் இல்லை, ஒரு கலர் காய்ந்த பிறகு மேலே வெள்ளை வைத்தாலும் மூடும், ஹைலைட்டுக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. கறுப்பில் 5எம், வெள்ளையில் 3எம் (முனையின் அளவு), இரண்டு போதும், மற்ற கலருக்கு ஸ்கெட்ச் பேனாவே வேலை செய்யும். பன்னிரண்டு கலர் செட்டாக வாங்கி நாங்கள் பாதியைத் திறக்கவே இல்லை.

வகுப்பு முடிந்த அடுத்த வாரம் அவளைக் கண்ணகி நகருக்கு அழைத்துப் போனேன், 2020-ல் குடியிருப்புச் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏஷியன் பெயிண்ட்ஸும் சேர்ந்து வரையவைத்த பெரிய ஓவியங்களைப் பார்க்க. திரும்பும் வழியில் இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில் ஏ-கில், கத்ரா என்கிற சுவர் ஓவியர்கள் இருவரும் 2021-ல் போட்ட முகங்களையும் பார்த்தோம். முன்பெல்லாம் அந்த வழியாகப் போகும்போது அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன். இந்தத் தடவை அவள் சுவரோடு ஒட்டி நின்று, எங்கே பிரஷ், எங்கே கேன், எங்கே ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார்கள் என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தாள்.

மொத்தச் செலவு எங்கள் இருவருக்கும் கட்டணம் 12,000, மார்க்கர், கேன், மாஸ்க் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு 5,000 ஆனது. பாதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதினேன். எழுத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், கேரக்டருக்கு இரண்டு, மாஸ்க் ஏற்பாட்டுக்கு ஒன்று.

கடைசி நாள் பலகையை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் நாலடிப் பலகையை டூவீலரில் கொண்டுபோக முடியாது, பெயிண்டும் முழுதாகக் காய்ந்திருக்காது. லோடு ஆட்டோ சொல்லி வையுங்கள். எங்களுடையது இப்போது அக்கா வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. இங்கிலீஷில் ஒரு ரஸ்க், கீழே தமிழில் ஒரு ரஸ்க், நடுவில் தலை ஊறிப்போன அந்தப் பயல். எங்கே மாட்டுவது என்று ஆணியும் சுத்தியலுமாக நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இடம் காட்டியது அக்காதான்.